விற்றவன் மறுக்க முடியாத நாள்

மக்கா,

வீட்டு ஆதாரப் பத்திரமும் நிலக்கரம் கட்டிய ரசீதும் வில்லங்கச் சான்றும் வேண்டும் என்று நீ கேட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. ரிஜிஸ்தர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று முதலில் சொன்னேன். அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது ஆராதனையில் இருந்தேன் என்றேன். ஆராதனை பத்தரைக்கே முடிந்துவிடும் என்பது உனக்குத் தெரியாதா? முப்பத்தொரு வருஷமாகப் பாறசாலையில் பத்திரம் எழுதிப் பிழைக்கிற ஒருவன், தன் சொந்த வீட்டுக்கு ஒரு வில்லங்கச் சான்று வாங்க மூன்று வாரம் எடுக்கிறான் என்றால் எந்த மடையனும் நம்பமாட்டான். நீயும் நம்பவில்லை. "அப்பாக்கு தர மனசில்ல. அத வாயத் தொறந்து சொன்னா போதும்லா" என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அவள் அதை அப்படியே என்னிடம் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அதனால்தான் போனில் பேசாமல் எழுதி, இன்றே கூரியரில் அனுப்புகிறேன். பேசினால் நான் வழக்கம்போல ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வேன். எழுத்தில் எனக்குத் தப்பிக்கத் தெரியாது, என் தொழில் அப்படி.

வருகிற வெள்ளிக்கிழமை பெங்களூரில் உனக்கு வேலையின் கடைசி நாள். அதற்குப் பிறகு முழுநேரமும் ஆப்ஷன் விற்பதுதான் பிழைப்பு என்று முடிவு செய்திருக்கிறாய். அதற்கு முதலாக வீட்டு ஆதாரத்தை பேங்கில் வைத்துக் கடன் எடுக்க வேண்டும் என்கிறாய். குன்னத்துகாலில் நமக்கு இருப்பது இந்தப் பதினாலு சென்டும் அதில் இருக்கிற வீடும்தான். நீ வைக்கச் சொல்வது அதைத்தான். இதைப் பழமை பிடித்த தகப்பனின் பயம் என்று நீ தள்ளிவிடக் கூடாது என்பதற்காக, எனக்கு இந்த வியாபாரம் எவ்வளவு தெரியும், எப்படித் தெரியும் என்பதையெல்லாம் சொல்லப்போகிறேன். கடைசி வரை வாசி. நடுவில் போனை எடுக்காதே.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீதான் எனக்குப் படித்துக்கொடுத்தாய். முன்வாசலில் நாற்காலி போட்டு, போனை என் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இது வாடகை மாதிரியாக்கும். நமக்க விளைய, பூமிய யாரும் எடுத்திட்டுப் போகல்ல. மாசாமாசம் பைசா மட்டும் வந்திட்டே இருக்கும்" என்றாய். ஒரு கம்பெனிப் பங்கை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று நாம் வாக்குக் கொடுக்கிறோம். அந்த வாக்குக்கு எதிராளி ஒரு தொகை தருகிறான், அதன் பெயர் பிரீமியம். மாதக் கடைசியில் குறித்த நாளில் சந்தை விலை அதற்கு மேலே இருந்தால் அவன் நம்மிடம் வரமாட்டான், வாங்கின பணம் நமக்கு. "கீழே போனா?" என்று நான் கேட்டேன். "போகாது." "போச்சுதுண்ணா?" "அதுக்கு முன்ன நான் திரிச்சு வாங்கி வெளிய வந்திருவேன். நிங்க சும்மா பேடிக்கண்டாம்." நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். ஆனால் பத்திரம் எழுதுகிறவனுடைய காதில் ஒரு விஷயம் விழுந்துவிட்டது. வாங்கினவனுக்கு உரிமை, விற்றவனுக்குக் கடமை. அவன் விருப்பப்பட்டால் வருவான், விருப்பமில்லை என்றால் வரமாட்டான். நாம் மட்டும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். இந்த மாதிரிப் பத்திரத்தை நான் எழுதியிருக்கிறேன் மக்கா. எழுதி, அதில் நானே விழுந்தும் இருக்கிறேன்.

திருப்புறத்தில் அம்மாவுக்கு அவள் அப்பா கொடுத்த எட்டு சென்ட் இருந்தது என்று கேள்விப்பட்டிருப்பாய். அது எப்படிப் போயிற்று என்று உனக்கு யாரும் சரியாகச் சொன்னதில்லை, ஏனென்றால் சொல்லவேண்டியவன் நான். உனக்கு அப்போது நாலு வயது. கல்ஃபில் இருந்து வந்த ஒருவர் கேட்டார். விலை பேசி, அட்வான்ஸ் வாங்கி, ஆறு மாதத் தவணைக்கு எக்ரிமென்ட் எழுதினோம். எழுதியது நான்தான். மிகவும் சுத்தமாக எழுதினேன். ஆறு மாதத்துக்குள் அவர் வராவிட்டால் அட்வான்ஸ் நமக்கு; வந்தால் பேசின விலைக்கே நாம் எழுதிக்கொடுக்க வேண்டும். அவர் வரமாட்டார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. பைசா புரட்ட அவருக்குத் திராணியில்லை என்று கடைத்தெருவில் பேச்சு. அட்வான்ஸ் கையில், விளையும் கையில் என்று மனக்கோட்டை கட்டினேன். நாலாம் மாதத்தில் அந்த வழியாக ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது, விலை இரண்டு மடங்காகிவிட்டது. அவர் அவசரப்படவே இல்லை. நாலாம் மாதமும் வரவில்லை, ஐந்தாம் மாதமும் வரவில்லை. கடைசி நாளில், மதியம் சாப்பாட்டுக்கு முன்னால், பை நிறையப் பணத்தோடு என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, "சாரே, இன்னைக்காக்கும் கடைசி நாளு. முழுப் பைசாயும் உண்டு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு உரிமை இருந்தது, வந்தார். அம்மா ஆபீஸுக்கு வந்தாள். அழவில்லை. "எனக்கெ அப்பன் தந்த பூமியாக்கும். செரி, நிங்க எழுதின பேப்பர்தானே. ஒப்பு எங்க வைக்கணும், காட்டுங்க" என்றாள். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன். அன்றிலிருந்து அந்த எட்டு சென்டைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு கனத்திருக்காது.

இவ்வளவு பட்டவன் நீ சொல்லிக்கொடுத்ததைக் கேட்டதும் தூர விலகியிருக்க வேண்டும் அல்லவா? விலகவில்லை. மியூச்சுவல் ஃபண்ட் போட என்று என் பெயரில் நீ ஒரு கணக்குத் திறந்து கொடுத்தாயே, அதில்தான் ஆரம்பித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. மகனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாதா என்று ஒரு கர்வம், அறுபத்திரண்டு வயதில். சிட்டிச் சீட்டு விழுந்த பணத்தை அதில் ஈடாகப் போட்டேன். முதல் மூன்று மாதம் நீ சொன்னபடியே நடந்தது. மாதக் கடைசியில் யாரும் வரவில்லை, பிரீமியம் எனக்கு. ஈஸ்டருக்கு இரண்டு கோழி கூடுதலாக வாங்கிக்கொண்டு போனேன். அம்மா, "இதென்ன, லாட்டரி அடிச்சுதா?" என்றாள். "ரெண்டு ஆதாரம் கூடுதலா வந்துது" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

ஒன்றை நான் உன்னைவிட நன்றாகச் செய்தேன் என்றால், அது வாசித்ததுதான். ஒவ்வொரு நாளும் வியாபாரம் முடிந்ததும் அவர்கள் அனுப்புகிற கான்ட்ராக்ட் நோட்டை நீ ஒருநாளாவது திறந்து பார்த்திருக்கிறாயா? நான் பிரிண்ட் எடுத்து வரிவரியாக வாசிப்பேன். நீ எனக்குக் காட்டியது பிரீமியம் மட்டும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. விற்கும்போது ஒரு புரோக்கரேஜ், திரும்ப வாங்கும்போது இன்னொன்று. அந்தப் புரோக்கரேஜுக்கு ஜிஎஸ்டி. எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு பங்கு. விற்றதற்கு வரி. வாங்கினால் முத்திரைத் தீர்வை; நான் ஆயுசு முழுவதும் மற்றவர்களுக்கு முத்திரைப் பத்திரம் வாங்கிக் கொடுத்தவன், அது அங்கேயும் வந்து எனக்கு முன்னால் நின்றது. பயந்து பயந்து ஒருநாள் விற்று மறுநாள் வாங்கி, அதற்கு மறுநாள் மறுபடி விற்ற ஒரு மாதத்தில், நான் சம்பாதித்ததாக நினைத்ததில் முக்கால்வாசியை இந்தக் கூட்டம் தின்றிருந்தது. நஷ்டப்பட்டாலும் அவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். நீ வேலையை விட்டுவிட்டுச் சாப்பிடப்போவது இந்தக் கூட்டம் தின்று மீதி வைப்பதைத்தான்.

ஆனாலும் என்னை விழத்தட்டியது கட்டணம் இல்லை. ஆனி மாதம் ஒரு கம்பெனிப் பங்கை அறுநூற்று இருபது ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு லாட் விற்றேன். லாட் என்றால் ஆயிரம் பங்கு; ஒன்று, பத்து என்று கணக்கு அங்கே கிடையாது. பிரீமியம் பதினோராயிரம் கிடைத்தது. பத்து நாள் விலை ஆடாமல் அசையாமல் நின்றது. பிறகு அந்தக் கம்பெனியைப் பற்றி ஏதோ கெட்ட சேதி வந்து இறங்க ஆரம்பித்தது. முப்பதாயிரம் நஷ்டத்தோடு திரும்ப வாங்கி வெளியே வந்திருக்கலாம். நீ சொன்ன "திரிச்சு வாங்கி" அந்த நேரத்துக்குத்தான். கை அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் போனது, அழுத்த முடியவில்லை. பதினோராயிரத்துக்கு ஆசைப்பட்டு முப்பதாயிரம் கொடுக்கிறதா என்று ரோஷம் வந்தது.

என் ரோஷம் உனக்குத் தெரியாததா? நீ ஏழாம் வகுப்பில் இருக்கும்போது சபையில் அறுவடைப் பண்டிகை ஏலம் நினைவிருக்கிறதா? ஒரு ஏத்தன் வாழைக்குலை. எனக்கு அது வேண்டாம், நம் விளையிலேயே மூன்று குலை நின்றது. ரப்பர் கடைக்காரர் கேட்கிறார் என்பதற்காக அவரை ஏற்றிவிட நான் நூறு நூறாகக் கூட்டிக்கொண்டே போனேன். கோயில் காரியத்துக்குத்தானே, அவர் கொடுக்கட்டும் என்று நினைப்பு. பின்னாலிருந்து, "எலே, சாரு இன்னைக்கு விடமாட்டாருடே" என்று பிள்ளைகள் விசில் அடித்தார்கள். நான் கடைசியாகச் சொன்ன தொகைக்குப் பிறகு அவர் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். குலை என் தலையில். வீடுவரை நீதான் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அம்மா அந்த வாரம் முழுவதும் நம் இருவருக்கும் மூன்று வேளையும் ஏத்தன்பழம்தான் வைத்தாள். அன்று ஊரே சிரித்தது, நாமும் சிரித்தோம். அதே ரோஷம்தான் ஆனி மாதத்திலும் எனக்கு வந்தது. இந்தத் தடவை சிரிக்க ஒருத்தரும் இல்லை.

கடைசி நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது புரோக்கரிடமிருந்து மெசேஜ் வர ஆரம்பித்தது. இன்டெக்ஸ் ஆப்ஷன், அதாவது மொத்தச் சந்தைக் குறியீட்டின் மேல் போடுவது என்றால் கடைசி நாளில் வித்தியாசத் தொகையை மட்டும் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். நான் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். தனிக் கம்பெனிப் பங்கில் அப்படி இல்லை. சரக்கே கை மாற வேண்டும். குறித்த நாளில் வாங்கினவனுக்கு லாபம் இருந்தால் அவன் கேட்கக்கூட வேண்டாம், தானாகவே உரிமை செயல்பட்டுவிடும். அதற்கு எதிரில் விற்றவன் யார் என்று எக்ஸ்சேஞ்சில் கம்ப்யூட்டர் பார்த்துத் தலையில் ஏற்றும். அதற்கு அசைன்மென்ட் என்று பெயர். நம் நாட்டில் அது கடைசி நாளில்தான், அமெரிக்காக்காரனுடையதில் எந்த நாளும் வரலாம் என்று நீ பெருமையாகச் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முடித்துக்கொள், இல்லையென்றால் முழுத்தொகையையும் கொண்டு வா என்பதுதான் அந்த மெசேஜ்களின் சாரம். ஒவ்வொரு நாளும் ஈட்டுத்தொகையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அந்த வாரம் நீ ஒருநாள் கூப்பிட்டாய். "அப்பா, மார்க்கெட் பாக்குதியளா? வல்லாத்த இறக்கம்லா" என்றாய். "எனக்கெங்க நேரம் மக்கா, ஆபீஸில நல்ல திரக்கு" என்றேன். ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ திட்டியாவது முடிக்க வைத்திருப்பாய்.

முடித்திருந்தால் எழுபதாயிரத்துக்குப் பக்கத்தில் நஷ்டம். நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனத்தைச் செய்தேன். கையில் வருவது சரக்குத்தானே, பத்திரம் நம் பெயரில் இருந்தால் என்றைக்காவது ஏறாமலா போகும் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷத்தில் என் மேஜையில் விலை இறங்கின நிலம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. விற்றுக் கெட்டவர்கள்தான் என் முன்னால் அழுதிருக்கிறார்கள், வாங்கிக் கெட்டவன் என்று ஒருவனும் வந்ததில்லை. திருப்புறத்தில் விட்டுக்கொடுத்துத் தோற்றோம், இங்கே வாங்கி வைத்துக்கொண்டு ஜெயிப்போம் என்று புத்தி போயிற்று. முழுத்தொகையையும் கட்டி ஆயிரம் பங்கையும் எடுத்துக்கொண்டேன். ஆறு லட்சத்து இருபதாயிரம். அன்று சந்தையில் அதன் விலை ஐந்நூற்று நாற்பது. அப்படிச் சரக்காக எடுத்தபோது புரோக்கரேஜும் வரியும் பதினோராயிரத்துக்கு இல்லை, ஆறு லட்சத்து இருபதாயிரத்துக்கும் போட்டார்கள். இன்று காலையில் பார்த்தேன், நானூற்றுப் பத்து. பங்கு நிலம் இல்லை மக்கா. அதில் ஒரு தென்னை நடக்கூட முடியாது.

ஆறு லட்சத்து இருபதாயிரத்துக்கு இந்தப் பத்திரக்காரன் எங்கே போனான் என்று உனக்கு இப்போது தோன்றியிருக்கும். நீ கேட்கிற ஆதாரம் வீட்டில் இல்லை. பாறசாலையில் எந்த பேங்கில் போனாலும் ஒருத்தன் எழுந்து, "சாரே, இரிக்கணும்" என்பான். அதனால் நெய்யாற்றின்கரையில், என்னை யாருக்கும் தெரியாத ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கொண்டுபோய் வைத்தேன். வீடு என் பெயரில் இருப்பதால் அம்மாவின் ஒப்பு தேவைப்படவில்லை. ஒப்பு எங்கே வைக்க வேண்டும் என்று அங்கே மேஜையில் இருந்த ஒரு பெண்பிள்ளை விரலால் காட்டினாள், நான் வைத்தேன். அப்போதுதான் எனக்குத் திருப்புறம் ஞாபகம் வந்தது. நான்கு மாதம் வட்டி கட்டிவிட்டேன். இந்த மாதம் இன்னும் கட்டவில்லை.

ஆகையால் நான் உனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்ல எனக்கு வாயும் இல்லை. உன் கணக்கைக் காட்ட நீ அனுப்பிய போட்டோவில் நீ விற்றிருந்தது பதினோரு லாட். எனக்கு ஒரு லாட்டே இந்தப் பாடு. நல்ல மாதங்களில் அந்தப் பதினொன்றும் தனித்தனிக் கம்பெனிகளாகத் தெரியும். ஒரு கெட்ட வாரத்தில் எல்லாம் சேர்ந்தே இறங்கும், எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஆள் வரும். பதினொன்றையும் சரக்காக எடுக்க எவ்வளவு வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார். போனில் கூட்டாதே, காகிதத்தில் எழுது. அதைப் பார்த்த பிறகும் உனக்குத் தூக்கம் வந்தால் நீ என் மகன் இல்லை. எனக்கு நான் விழுந்தது போகட்டும் என்றுகூட இருக்கிறது. நீ விழுந்தால் தூக்கிவிட நம் வீட்டில் இனி ஒன்றும் இல்லை, அதுதான் என் பயம். ராஜினாமாவைத் திரும்ப வாங்க, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மேனேஜரிடம் பேச முடியுமென்றால் பேசு. வெட்கம் பார்க்காதே. வெட்கம் பார்த்தவன் என்ன ஆனான் என்று இப்போது உனக்குத் தெரியும்.

நேற்று மதியம் சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "அவன் பாவம், எத்தன தடவ கேக்கான். பீரோ சாவி எனக்கெ கையிலதான் உண்டு. நான் ஆதாரத்த எடுத்து வைக்கட்டா?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வேண்டாம், நானே எடுக்கியேன்" என்றேன். பீரோவில் ஆதாரம் வைக்கிற நீலக் கவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குள் நான் வைத்திருப்பது போட்டோஸ்டாட். அவளுக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும், ஆனால் முத்திரைத்தாளைத் தொட்டுப் பார்த்தால் அசலா நகலா என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் என்னோடு இருந்தவள்.

சனிக்கிழமை காலை ரயிலில் வா. நான் ஸ்டேஷனில் நிற்பேன். அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும், நீ வாயைத் திறக்கக் கூடாது. சும்மா என் பக்கத்தில் இருந்தால் போதும். சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, சாவி அவள் கையில் இருக்கிறது. முடிந்தால் அதற்கு முன்னாலேயே வா மக்கா.

அப்பா